எந்தப் பக்கம் தள்றோம்ங்கறது

அம்மாவுக்கு மரத்துல ஒரு அஞ்சறைப்பெட்டி பண்ணித் தர்றேன்னு பொங்கலன்னிக்கு வாய விட்டுட்டேன். இப்ப ஆடியே முடிஞ்சு போச்சு. கணக்குப் பாத்தா பெட்டி பண்ணுனது ரெண்டே ரெண்டு ஞாயித்துக்கெழமைதான். மிச்ச நாளெல்லாம் பெட்டி பண்றதுக்கு ஒரு ஜிக் (அறுக்கறப்ப பலகையச் சரியான எடத்துல புடிச்சு நிறுத்தற சாதனம்) பண்ணுனது, அந்த ஜிக்க மாத்துனது, மாத்துனத மறுபடியும் மாத்துனது, இப்படியே போயிருச்சு. அந்தக் கதையத்தான் எழுதறேன், ஏன்னா இதுல நான் எங்க தப்புப் பண்ணுனேன்னு கண்டுபுடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சு, அது ஒண்ணும் பெரிய விஷயமும் கெடையாது, கேட்டா சிரிப்பீங்க.

மரம் பொள்ளாச்சிப் பக்கம் எங்க தாத்தா வீட்ட இடிச்சப்ப வந்த தேக்குக் கதவு நெலவு. மில்லுல குடுத்து 8 எம்எம் பலகையா அறுத்து வாங்கியாச்சு. பழைய தேக்குல ஒரு தொல்லை என்னன்னா உள்ள எங்காச்சும் ஒரு ஆணி ஒடஞ்சு கெடக்கும், மில்லுக்காரர் மொதல்லயே மூஞ்சியக் காட்டுவாரு. அது போக தேக்குல இயல்பாவே சிலிகா இருக்கு, மெஷின்ல மாட்டிச் சுத்தற வெட்டு அலகுக்குத்தான் பிட்டுன்னு பேரு, சும்மா ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டெல்லாம் பத்து அறுப்புலயே மழுங்கிரும், கார்பைடு வெச்ச பிட்டுதான் தாங்கும்.

மூலைக்கு ஃபிங்கர் ஜாயிண்ட் போடலாம்னு முடிவு. அதாங்க, ரெண்டு கையையும் விரல் கோத்த மாதிரி ஒரு பலகையில பல்லு, அடுத்த பலகையில பள்ளம், உள்ள சொருகுனா மூலை வந்துரும். புறா வால் ஜாயிண்ட் இதவிட அழகுதான், ஆனா அத கையில அறுக்கற அளவுக்கு எனக்கு ரம்பம் ஓடாது. டேபிள் சா (மேசையோட சேந்த வட்ட ரம்பம்) எங்கிட்ட கெடையாது, ஒரு ட்ரிம்மர (பிட்டச் சுத்தி மரத்துல பள்ளம் எடுக்கற மெஷினுக்கு ரவுட்டர்னு பேரு, அதுல கையில புடிக்கற சின்னது) தலகீழா மேசைக்கு அடியில தொங்கவிட்டு ரவுட்டர் டேபிளாக்கி வெச்சிருக்கேன், அதுல 6 எம்எம் ஸ்ட்ரெய்ட் பிட்டு. இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன், பிட்டோட தண்டு 6 எம்எம்மா கால் இன்ச்சான்னு பாத்து வாங்குங்க, கால் இன்ச்சுன்னா 6.35. கடையில ரெண்டையும் ஒரே டப்பாவுல போட்டு வெச்சு "எல்லாம் ஒண்ணுதாங்க" னுவாங்க. 6 எம்எம் தண்ட 6.35 காலட்ல (மெஷின்ல தண்டப் புடிக்கற கவ்வி) போட்டு முறுக்குனா புடிச்ச மாதிரி இருக்கும், ஓடறப்ப நழுவி வெளிய வரும். நிமிஷத்துக்கு முப்பதாயிரம் சுத்துல வர்றது வேண்டாம்ங்க.

ஜிக் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாத்தான் மிச்சக் கதை புரியும். ஒரு ப்ளைவுட் தட்டு, அடியில ஒரு ரன்னர், அது மேசையில இருக்கற பள்ளத்துல முன்ன பின்ன ஓடும். தட்டு மேல நிமிந்து நிக்கற மாதிரி ஒரு பலகை, அதுதான் ஃபென்ஸ். ஃபென்ஸுக்கு அடியில பிட்டுக்கு வலது பக்கம் ஒரு சின்னக் குச்சி முன்னால துருத்திட்டு நிக்கும், அதுக்குப் பேரு கீ. பலகைய நட்டமா நிறுத்தி, அதோட வலது ஓரத்தக் கீயில முட்ட வெச்சு, ஜிக்க முன்னாடி தள்ளுனா ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தத் தூக்கிக் கீ மேல உக்கார வெச்சு மறுபடி தள்ளுனா அடுத்த பள்ளம். அத தூக்கிக் கீ மேல, மறுபடி. பலகை முடியற வரைக்கும் இதேதான். ஜோடிப் பலகைய மட்டும் ஒரு பல்லு தள்ளி, பள்ளத்துல இருந்து ஆரம்பிக்கணும். அளக்க வேண்டியதில்ல, கோடு போட வேண்டியதில்ல. கீ எவ்வளவோ பிட்டுக்கும் கீக்கும் நடுவுல இருக்கற சந்தும் அவ்வளவே இருக்கணும், அவ்வளவுதான் ரூல். அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க, நானும் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன்.

நான் மொதல்ல பண்ணுன ஜிக்குல ஃபென்ஸ் ரெண்டு ஸ்க்ரூவுல நிக்கும், கீ தேக்குக் குச்சி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு 5.9 எம்எம்முக்குக் கொண்டாந்தது. சந்து சரியில்லன்னா ஸ்க்ரூவ லூஸ் பண்ணி கொட்டாப்புளியால ஒரு தட்டு. கூடிருச்சுன்னா அந்தப் பக்கம் இருந்து ஒரு தட்டு. நாலு தட்டுல மூணாவது நல்லா இருந்துச்சேன்னு தோணும், ஆனா அங்க திரும்பப் போக முடியாது.

பெட்டி ஒசரம் 84 எம்எம், அதாவது ஏழு பல்லு ஏழு பள்ளம். வேஸ்ட் மரத்துல ரெண்டு துண்டு அறுத்து சொருகிப் பாத்தேன். மொத மூணு பல்லு வெண்ணெய்ல கத்தி மாதிரி எறங்குச்சு. நாலாவது கொஞ்சம் முக்குச்சு. ஆறாவது ஏழாவது பள்ளத்துக்கு நேராவே இல்ல, கிட்டத்தட்ட ஒரு எம்எம் தள்ளி நிக்குது. இன்னொரு ஜோடி அறுத்தேன், அது பரவால்லாம எறங்குச்சு. மூணாவது ஜோடி மறுபடி கோணல். ஒரே ஜிக், ஒரே பிட்டு, நான் கை வெக்காத செட்டிங். இதுதான் எரிச்சலே, தப்பு ஒரே மாதிரி வந்தா சரி பண்ணிரலாம், ஒரு நேரம் வந்து ஒரு நேரம் வரலைன்னா எங்கிருந்து புடிக்கறது.

நான் மொதல்ல பழி போட்டது சந்து மேல. சந்து துளி கூடுனாலும் ஒவ்வொரு பல்லுக்கும் அது சேந்து சேந்து கடைசியில பெருசாயிருதுன்னு நெனச்சேன். அதனால ஃபென்ஸ நூல் புடிச்ச மாதிரி நகத்தறதுக்கு ஒரு ஏற்பாடு வேணும். இதுல மத்தியாஸ் வாண்டல்னு கனடாக்காரர் ஒருத்தரு இருக்காரு, அவரு மரத்துலயே பல் சக்கரம் அறுத்து, மரை கம்பியச் சுத்துனா பலகை தானா நகந்து போற மாதிரி ஒரு ஜிக்கே பண்ணி வெச்சிருக்காரு, மரவேலைப் பைத்தியங்களுக்கெல்லாம் தெரிஞ்ச ஜிக். அந்த அளவுக்கு எனக்குப் பொறுமை இல்ல. ஃபென்ஸ ரெண்டாக்குனேன். பின்னாடி ஒண்ணு 18 எம்எம் ப்ளைவுட், அசையாம நிக்கும். முன்னாடி ஒண்ணு இடது வலதா நகரும், கீ இதுலதான் இருக்கு. நகர்ற பலகையில நீளவாக்குல ரெண்டு ஓட்டை, அதுல ரெண்டு போல்ட்டு, பின்னாடி பட்டர்ஃப்ளை நட்டு. வலது கோடியில ஒரு எல் ஆங்கிள் அடிச்சு, அதுல ஒரு நட்ட வெல்டிங் வெச்சு, அது வழியா ஒரு போல்ட்டு வந்து நகர்ற பலகையோட ஓரத்துல முட்டும். போல்ட்ட முறுக்குனா பலகை நகரும்.

போல்ட்டுக்குத் தலையில பழைய சிடி ஒண்ண ஒட்டி, சுத்தி இருபது கோடு போட்டேன். கணக்கு என்னன்னா எம்6 போல்ட்டுக்கு ஒரு சுத்துக்கு மரை 1 எம்எம் போகும், இருபதா பிரிச்சா ஒரு கோட்டுக்கு 0.05. சிடி 120 எம்எம் விட்டம், அதனால கோட்டுக்குக் கோடு கிட்டத்தட்ட 19 எம்எம் இடைவெளி, கண்ணாடி இல்லாமயே படிக்கலாம். ரொம்பப் பெருமையா இருந்துச்சுங்க. அப்புறம் வெர்னியர் (துல்லியமா அளக்கற கருவி) வெச்சுப் பாத்தா ஒரு சுத்துக்கு 1.25 கிட்ட நகருது. மறுபடி பாத்தா 1.28. வெர்னியர் கெட்டுப் போச்சுன்னு அத ஒரு நாள் திட்டிட்டு, அடுத்த நாள் போல்ட்ட அளந்து பாத்தா 6.2, அட கால் இன்ச்சு போல்ட்டு! கடையில 6 எம்எம் கேட்டேன், எடுத்துக் குடுத்தது கால் இன்ச்சு, நட்டும் அதுக்குத் தோதா குடுத்துட்டாங்க, அதனால முறுக்கும்போது சந்தேகமே வரல. கால் இன்ச்சுல இன்ச்சுக்கு 20 மரை, 25.4ஐ இருபதால வகுத்தா 1.27. நட்ட வெட்டி எடுத்துட்டு மறுபடி வெல்டிங். அந்த வெல்டிங்காரரு "ஏனுங்க, இதுக்கு முன்னாடி நல்லாத்தானே வெச்சேன்" னாரு, என்ன சொல்ல.

இன்னொண்ணு, போல்ட்டு தள்ளத்தான் செய்யும், இழுக்காது. அதனால நகர்ற பலகைய போல்ட்டுப் பக்கமா எப்பவும் இழுத்துப் புடிக்கறதுக்கு ஒரு ஸ்பிரிங் வேணும். டூவீலர் மெக்கானிக்கு கடையில கழட்டிப் போட்ட பிரேக் ஷூ ஸ்பிரிங் ரெண்டு கேட்டேன், காசே வாங்கல. ரெண்டு பக்கமும் கொக்கி இருக்கு, அப்படியே ஸ்க்ரூவுல மாட்டலாம், நல்ல இழுவை. ஜிக்குலயே எனக்கு ரொம்பப் புடிச்ச பாகம் அதுதான்.

எல்லாம் போட்டு 0.05க்கு நகத்தறேன், டயல் கேஜ் (துளி நகந்தாலும் முள்ளுல காட்டற கருவி) வெச்சும் பாத்துட்டேன், அட்டகாசம். பட்டர்ஃப்ளை நட்ட முறுக்கறப்ப மட்டும் பலகை ஒரு 0.03 நகந்துக்கும், அதுக்குப் பெரிய வாஷர் போட்டு, மொதல்ல வலது நட்டு அப்புறம் இடது நட்டுன்னு பழக்கப்படுத்திக்கிட்டேன். டயல் கேஜோட காந்தம் ப்ளைவுட்டுல நிக்காதுங்கறதுனால ஒரு இரும்புப் பட்டாவ மேசையில ஸ்க்ரூ பண்ணி வெச்சிருக்கேன். சரி, இப்ப ஒரு ஜோடி அறுத்து சொருகிப் பாத்தா.

அதே கோணல். மொத மூணு பல்லு வெண்ணெய், ஏழாவது பல்லு வேற ஊர்ல.

ரெண்டாவது பழி கீ மேல. அதுல நியாயமும் கொஞ்சம் இருந்துச்சு. சித்திரையில 5.9 இருந்த தேக்குக் கீ, ஆனி கடைசியில சாரல் அடிச்ச ஒரு வாரத்துக்கப்புறம் அளந்தா 5.94 காட்டுச்சு. எங்கூர்ல பாலக்காட்டுக் கணவாய் காத்து வந்தாலே கதவெல்லாம் இழுத்துப் புடிக்கும், ஒரு குச்சி எம்மாத்திரம். மரத்த மரத்தால அளக்கறது எப்படிச் சரியா வரும்னு ஒரு ஞானம் வந்து, இரும்புக் கீ போட்டுரலாம்னு முடிவு பண்ணுனேன்.

அதுக்கு கோயமுத்தூர்ல இருக்கறவனுக்கு என்ன கஷ்டம். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937ல மோட்டார் பண்ணுன ஊரு, இன்னிக்கும் எந்தத் தெருவுல நடந்தாலும் பம்ப்செட்டு, லேத்து, ஃபவுண்டரி. மோட்டார் ஷாஃப்ட்டுல புல்லி சுத்தாம இருக்கறதுக்கு சதுரமா ஒரு இரும்புத் துண்டு அடிச்சிருப்பாங்க பாருங்க, அதுக்குப் பேரும் கீதான். 19 எம்எம் ஷாஃப்ட்டுக்கு 6க்கு 6 சதுரம். அதுக்குன்னே இழுத்த கம்பி கெடைக்குது, 6ன்னு சொன்னா 6ஐ விடக் கூடாது, கொறஞ்சாலும் 0.03க்கு மேல கொறையாது, அதுதான் அதோட தரம். நான் வாங்குனது 5.98. மரக் குச்சியத் தேச்சுத் தேச்சு ஒரு வாரம் செலவு பண்ணுன அளவு லேத்துப் பட்டறையில ஒரு அடி கம்பியா சும்மா சாத்தி வெச்சிருக்காங்க.

ஆனா பிட்டு போடற பள்ளம் 6.05. பிட்டு 6தான், கொஞ்சம் ஆட்டம் இருக்கும்ல. 5.98 கீ மேல 6.05 பள்ளம் உக்காந்தா இன்னும் 0.07 ஆடும். சரின்னு கீயோட பக்கத்துல செல்லோ டேப் ஒரு சுத்து ஒட்டுனேன். இப்ப ஆட்டமே இல்ல, ஆனா பலகை கீயில மாட்டிக்கிட்டு வரமாட்டேங்குது, இழுத்தா பல்லு ஓரம் பிஞ்சு வருது, தேக்குல எழை ஓடற பக்கமா அப்படியே சீவுனாப்ல வந்துரும். அன்னிக்கு ராத்திரி ஜிக்கத் தூக்கி மூலையில வெச்சுட்டு, பேசாம ஆணி அடிச்சுரலாம்னு நெனச்சேன்.

அந்த சனிக்கெழமை லேத்துக்காரரப் பாக்கப் போனேன், 6.04க்கு ஒரு கீ கடைஞ்சு தர முடியுமான்னு கேக்கறதுக்கு. அவரு ஒரு புஷ் கடைஞ்சுட்டு இருந்தாரு, கையக் காட்டி இருங்கன்னாரு, நானும் நின்னு பாத்துட்டு இருந்தேன். டயல் வெச்ச கைப்புடியச் சுத்திக் கொண்டு வந்தாரு, நிக்க வேண்டிய கோட்டத் துளி தாண்டிருச்சு. நானா இருந்தா அப்படியே துளி பின்னாடி வாங்கியிருப்பேன். அவரு ஒரு சுத்து முழுசா பின்னாடி போயிட்டு மறுபடி முன்னாடியே வந்து கோட்டுல நிறுத்துனாரு. ஏங்ண்ணா அப்படின்னேன். "பின்னாடி வந்தா மரையில இருக்கற லூஸு அந்தப் பக்கம் போயிரும்ல தம்பி, இருவது வருஷ மிஷின், இதுல லூஸ் இல்லாம எப்படி இருக்கும், எப்பவும் ஒரே பக்கமா வந்தா லூஸ் இருந்தா என்ன இல்லாட்டி என்ன" ன்னு சொல்லிட்டு அவரு பாட்டுக்கு வேலையப் பாத்தாரு.

அவரு சொன்னது பேக்லாஷப் பத்தி, அது எனக்கும் தெரியும், என்னோட அட்ஜஸ்ட்மெண்ட் போல்ட்டுக்கு ஸ்பிரிங் போட்டதே அதுக்குத்தானே. ஆனா வண்டிய எடுத்துக்கிட்டு சிங்காநல்லூர் சிக்னல்ல நிக்கறப்பத்தான் ஒறைச்சுது, போல்ட்டு லூஸுக்கு ஸ்பிரிங் போட்ட நான், பலகை லூஸுக்கு என்ன போட்டேன்? பள்ளத்தக் கீ மேல உக்கார வெக்கறேன், அது ஆடுது, நான் அத எந்தப் பக்கம் தள்ளி வெச்சு அறுக்கறேன்? சத்தியமா எனக்கே தெரியல.

வீட்டுக்கு வந்ததும் குப்பை டப்பாவுல கெடந்த பழைய துண்டெல்லாம் எடுத்து ஒவ்வொரு பல்லையும் வெர்னியர்ல அளந்தேன், மரக் கீ காலத்துத் துண்டு. 6.00, 5.86, 5.85, 5.99, 5.85, 6.00, 5.86. பாருங்க, கண்டபடி இல்ல, ரெண்டே ரெண்டு அளவு. ஒண்ணு 6.00 பக்கம், இன்னொண்ணு 5.85 பக்கம். நடுவுல வித்தியாசம் 0.15, பள்ளம் 6.05ல இருந்து கீ 5.9ஐக் கழிச்சா வர்ற அதே 0.15. வலது பக்கம் தள்ளி வெச்சு அறுத்தப்பல்லாம் 6.00, இடது பக்கம் தள்ளி வெச்சப்பல்லாம் 5.85. இன்னொரு துண்டுல மொதப் பல்லு மட்டும் 6.00, மிச்ச ஆறும் 5.85, அன்னிக்கு முழுக்க இடது பக்கமே தள்ளிட்டிருந்திருக்கேன். அதுக்கு ஜோடித் துண்ட அடுத்த நாள் அறுத்தேன், அதுல முழுக்க வலது. ஒரு எடமாத்தத்துக்கு 0.15, ஏழாவது பள்ளத்துக்குப் போறதுக்குள்ள ஆறு எடமாத்தம், 0.9 எம்எம். வேற ஊர்ல நின்ன ஏழாவது பல்லோட விலாசம் கெடச்சிருச்சு.

இதக் கொஞ்சம் நிதானமா யோசிச்சா இன்னொண்ணும் தெரியுது, எனக்கு இதுதான் ரொம்பப் புடிச்சுது. எப்பவும் வலது பக்கமே தள்றோம்னு வெச்சுக்கங்க. அப்ப பள்ளத்தோட இடது சுவரு கீயோட இடது முகத்துல முட்டி நிக்கும். அங்கிருந்து பிட்டு வரைக்கும் இருக்கற சந்துதான் அடுத்த பல்லோட தடிமன். மொதப் பல்லுக்கும் பலகை ஓரம் முட்டறது அதே இடது முகத்துலதான். அப்ப கீயோட வலது முகத்துக்கு இதுல வேலையே இல்ல! கீ 5.98 ஆனா என்ன, 5.5 ஆனா என்ன, பள்ளத்துக்குள்ள போனாப் போதும். கீயோட அகலம் கணக்குலயே வரல. உப்புத்தாள் போட்டுத் தேச்ச ஒரு வாரம், செல்லோ டேப்பு, சாரல் அடிச்சா ஊதுதேன்னு பட்ட கவலை, எல்லாம் யாருமே கேக்காத அளவுக்கு.

சந்து தப்பா இருந்தா சேந்து சேந்து பெருசாயிரும்னு மொதல்ல நெனச்சேன்ல, அதுவும் தப்பு. ரெண்டு பலகையையும் ஒரே ஜிக்குல ஒரே பக்கம் தள்ளி அறுத்தா ரெண்டுலயும் பல்லுக்குப் பல்லு தூரம் ஒண்ணுதான், சந்து 0.1 கூடுனா ஒவ்வொரு பல்லும் 0.1 டைட்டாகும், ஏழாவதும் அதே 0.1தான். சேர்றது பலகை ஒசரத்துலதான், கடைசிப் பல்லு ஓரத்துல கொஞ்சம் கூடவோ கொறைவாவோ முடியும், அவ்வளவுதான். சில பேரு ரெண்டு பலகையையும் ஒரு பல்லு தள்ளி ஒண்ணா சேத்துப் புடிச்சு ஒரே அறுப்புல அறுப்பாங்க, அது ஏன் எப்பவும் சரியா வருதுன்னு இப்பப் புரியுது, தப்பு நடந்தாலும் ரெண்டுக்கும் ஒண்ணா நடக்குது.

எந்தப் பக்கம் தள்றதுங்கறதையும் நம்ம இஷ்டத்துக்கு விட முடியாது, பிட்டுக்கு ஒரு அபிப்ராயம் இருக்கு. ரவுட்டர தலகீழா மாட்டுனா மேல இருந்து பாக்கறப்ப பிட்டு இடஞ்சுழியா சுத்தும். பலகைய நம்ம பக்கம் இருந்து முன்னாடி தள்றோம், அறுக்கற முனை நம்மளப் பாத்த பக்கம், அங்க பிட்டோட பல்லு இடதுல இருந்து வலதுக்கு ஓடுது, அப்ப மரத்தையும் வலதுக்குத்தான் தள்ளும். நான் இடது பக்கம் அமுத்திப் புடிச்சிருந்தா பாதி அறுப்புல பிட்டு ஜெயிச்சு பலகைய வலதுக்குத் தள்ளிரும், பள்ளம் ஆரம்பத்துல ஒரு எடத்துலயும் முடியறப்ப ஒரு எடத்துலயும் இருக்கும். சில பள்ளம் 6.05க்கு பதிலா 6.15 இருந்துச்சு, பிட்டு ஆடுதுன்னு காலட்ட மாத்தலாமான்னு வேற யோசிச்சுட்டிருந்தேன். கீ வலது பக்கம் இருக்கற ஜிக்குல வலதுக்குத் தள்ளுனா பிட்டும் நானும் ஒரே கட்சி.

கையால ஒவ்வொரு தடவையும் ஞாபகமா தள்ளலாம்தான். ஆனா நாலு மூலை, எட்டு முனை, முனைக்கு ஏழு, மொத்தம் 56 பள்ளம், என் ஞாபகத்த நான் நம்ப மாட்டேன். ஃபென்ஸோட மேல் விளிம்புல வழுக்கிட்டு ஓடற மாதிரி ஒரு மரக்கட்டை, அதுல கீழ தொங்கற ஒரு உதடு பலகையோட இடது ஓரத்துல உக்காரும், கட்டையில இருந்து ஃபென்ஸோட வலது கோடிக்கு சைக்கிள் ட்யூப்ல வெட்டுன ஒரு பட்டை. பலகைய எங்க வெச்சாலும் ரப்பரு வலதுக்கு இழுத்துக்கும். இந்த மொத்த மாற்றத்துக்கும் ஆன நேரம் ஒண்ணரை மணி நேரம், செலவு பூஜ்யம், பஞ்சர் கடையில ட்யூப்பு சும்மாதான் குடுத்தாங்க.

அப்புறம் கீய எடுத்துட்டு மறுபடி லேத்துக்காரர்கிட்டப் போயி, இத 5.7க்குக் கொறைச்சு மேல் விளிம்பு ரெண்டையும் சாய்ச்சுக் குடுங்கண்ணான்னேன், பலகை சுலபமா உக்காரட்டும்னு. போன வாரம் 6.04 கேட்டவன் இந்த வாரம் 5.7 கேக்கறான்னு ஒரு மாதிரி பாத்துட்டு ஒண்ணும் கேக்காம ராவிக் குடுத்தாரு.

மிச்சம் ரெண்டு சில்லற வேலை இருந்துச்சு. ரன்னர் பள்ளத்துல ஆடுனா மேல எது சரியா இருந்தும் புண்ணியமில்ல, மர ரன்னர எடுத்துட்டு பாத்திரக்கடையில விக்கற வெள்ளை பிளாஸ்டிக் கட்டிங் போர்டுல ஒரு பட்டை அறுத்துப் போட்டேன், ஈரத்துக்கு ஊதாது, நல்லா வழுக்கும். ஃபென்ஸ் ஓடற தெசைக்கு நேர் குறுக்கா இருக்கான்னும் பாத்தேன், அரை டிகிரி கோணலா இருந்தா 300 எம்எம் நீளப் பலகை அந்தக் கோடியில 2.6 எம்எம் வெளிய போயிரும், பெட்டி சாய்சதுரமா நிக்கும். மூலமட்டத்த நம்பறதுக்கு முன்னாடி அதையும் சோதிச்சுக்கங்க, நேரான ஒரு ஓரத்துல வெச்சு ஒரு கோடு, திருப்பிப் போட்டு அதே எடத்துல ஒரு கோடு, ரெண்டும் விரிஞ்சா மட்டம் பொய் சொல்லுது, அதுவும் பொய்ய ரெண்டு மடங்காக் காட்டும். ஃபென்ஸுக்குப் பின்னாடி பிட்டு வெளிய வர்ற எடத்துல ஒரு கட்டைய ஒட்டி வெச்சிருங்க, ஜிக்க ரெண்டு கையால புடிச்சுத் தள்றப்ப கட்டைவிரல் அங்கதான் போய் நிக்கும். பலகைக்குப் பின்னாடி ஒரு வேஸ்ட் ப்ளைவுட்டு துண்டு வெச்சா பின்பக்கம் சிலாம்பு வராது, ஒவ்வொரு செட்டுக்கும் புதுத் துண்டு.

சந்த 5.97ல வெச்சேன், பள்ளம் 6.05. லூஸு 0.08, ஒரு ஏ4 தாளோட தடிமனுக்குக் கொஞ்சம் கம்மி. காஞ்சு இருக்கறப்ப கை அமுத்தத்துல எறங்கணும், ஃபெவிகால் போட்டா தண்ணிக்கு மரம் கொஞ்சம் ஊதிக்கும், அப்ப கொட்டாப்புளியில ரெண்டு தட்டு. காஞ்சப்பவே கொட்டாப்புளி தேவைப்பட்டுச்சுன்னா பசை போட்டதும் பாதி வழியில நின்னுக்கும், அந்த அனுபவமும் ஆச்சு, அத விடுங்க. அறுத்த பல்லெல்லாம் அளந்தேன். 5.96, 5.97, 5.97, 5.98, 5.96. ரெண்டாவது அளவே இல்ல. ஏழாவது பல்லு மொதப் பல்லு மாதிரியே எறங்குச்சு, நான் அத நாலஞ்சு தடவ சும்மா கழட்டிக் கழட்டி சொருகிப் பாத்துட்டு இருந்தேன், வீட்டுல சாப்பிடக் கூப்புட்டது காதுலயே விழல.

அப்பவும் ஒரு மூலை கெட்டுச்சு, அது ஜிக்கு தப்பில்ல. ஒரு பல்லும் ஒரு பள்ளமும் சேந்தா 12.02, ஏழு தடவைக்கு 84.14, பலகை 84. அந்த 0.14 எங்காவது ஒரு ஓரத்துல தங்கத்தான் செய்யும், அதனால எல்லாப் பலகையையும் மேல் ஓரத்துல இருந்தே ஆரம்பிக்கணும், அப்ப மிச்சமெல்லாம் அடியில போயி ஒளிஞ்சுக்கும். நான் ஒரு பலகையோட ஒரு முனைய மட்டும் அடி ஓரத்துல இருந்து ஆரம்பிச்சுட்டேன். ஆசாரிங்க பலகைய எடுத்ததும் ஒரு மொகத்துல சும்மா கிறுக்கற மாதிரி ஒரு கோடு இழுப்பாங்களே, எதுக்குன்னு இத்தன வருஷம் கேட்டதில்ல. இப்ப நானும் மேல் ஓரத்துல சாக்பீஸ்ல ஒரு டிக்கு போட்டுத்தான் ஜிக்குகிட்டயே போறேன். நெலவுல ஒரு துண்டு மிச்சம் இருந்ததுனால அந்தப் பலகைய மறுபடி பண்ண முடிஞ்சுது.

போன ஞாயித்துக்கெழமை பசை போட்டாச்சு. அடிப்பலகைக்கு முன்னாடியே காடி (பலகை ஓரம் சொருகற நீளப் பள்ளம்) எடுத்து வெச்சிருந்தேன், அது அழகா உள்ள உக்காந்துக்கிச்சு. நாலு மூலையையும் சைக்கிள் ட்யூப்பாலயே இழுத்துக் கட்டி ராத்திரி முழுக்க விட்டு, காலையில அவுத்து, துருத்திட்டு இருந்த பல்லு முனையெல்லாம் இழைப்புளியில சீவி, மூலையில நகத்த வெச்சு ஓட்டிப் பாத்தேன், எங்கயும் தட்டல. நேரா எடுத்துட்டுப் போயி அடுப்படியில வெச்சேன்.

அம்மா திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, மூலைய ஒண்ணும் பாக்கல, உள்ள விரல விட்டுப் பாத்துட்டு, "ஏங்கண்ணு, மூடி எப்படி, இழுத்தாப்ல தொறக்கறதுதான?" னாங்க.

இழுத்துத் தொறக்கற மூடிக்கு மேலயும் ஒரு காடி வேணும். அத பசை போடறதுக்கு முன்னாடி எடுத்திருக்கணும்.